குறை மனத்தில் அல்ல, சூழலில்: எல்ஜிபிடி இளையர் நலன் பற்றி ஆய்வுகள் சொல்வது

இடைவேளை நேரம். பள்ளி உணவகத்தில் ஆறேழு பேர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் நடந்துபோகும் ஒரு மாணவரின் நடையைக் கேலி செய்து யாரோ ஒரு சொல்லை வீசுகிறார். மேசை முழுவதும் சிரிக்கிறது. ஒருவர் மட்டும் அரை நொடி தாமதமாகச் சிரிக்கிறார். நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அந்த அரை நொடியில் அவருடைய மூளை ஒரு கணக்குப் போட்டது. 'இந்தச் சொல் எனக்கும் பொருந்தும் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்களா? நான் உட்கார்ந்திருக்கும் விதம் சரியாக இருக்கிறதா?' சிரித்து முடித்ததும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. வகுப்பறையில், எம்ஆர்டி ரயிலில், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது மறுபடியும் தொடங்குகிறது.

ஒரே ஒரு கணக்கு யாருக்கும் பெரிய சுமை இல்லை. அதையே நாளுக்குப் பல முறை, பல ஆண்டுகள் போட்டுக்கொண்டிருந்தால் உடலுக்கும் மனத்துக்கும் என்ன ஆகும்? அதைக் குறைக்க வழி உண்டா? மருத்துவர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்விகளை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். தம் பாலினத்தைச் சேர்ந்தவர்மீது ஈர்ப்பு கொள்வோர், இரு பாலினத்தவர்மீதும் ஈர்ப்பு கொள்வோர், பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலினமாகத் தம்மை உணரும் திருநர் ஆகியோரைச் சேர்த்து 'எல்ஜிபிடி' என்று அழைக்கிறார்கள்.

தவறாக அமைந்த பழைய ஆய்வுகள்

1950களில் அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு ஒரு மனநோய் என்றே மருத்துவ நூல்கள் கூறின. அதற்குச் சான்றாக ஆய்வுகளும் காட்டப்பட்டன. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் யார் பங்கேற்றார்கள் தெரியுமா? மனநல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்களும் சிறையில் இருந்தவர்களும்தான்.

இதில் உள்ள பிழையை உங்களால் கண்டுபிடிக்க முடியும். மருத்துவமனைக்குப் போய் அங்கிருக்கும் கணித ஆசிரியர்களை மட்டும் சோதித்துவிட்டு, "கணித ஆசிரியர்கள் எல்லாரும் நோயாளிகள்" என்று முடிவு செய்தால் ஏற்பீர்களா? ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரியே தவறு என்பீர்கள்.

எவலின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அதைத்தான் சொன்னார். அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர். "எங்களைப் போன்ற சாதாரண மனிதர்களை ஏன் யாரும் ஆராய்வதில்லை?" என்ற கருத்தில் அவர் ஹூக்கரைத் தூண்டினார். ஹூக்கர் 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 எதிர்பாலீர்ப்பு ஆண்களையும் தேர்ந்தெடுத்தார். வயது, கல்வி, நுண்ணறிவு ஆகியவற்றில் ஒத்திருப்பவர்களை இணை இணையாகச் சேர்த்தார். மைத்தடத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்ஷாக் சோதனை உட்பட மூன்று உளவியல் சோதனைகளை அனைவருக்கும் நடத்தினார்.

பிறகு, பெயரும் அடையாளமும் நீக்கப்பட்ட விடைகளை அத்துறையின் பெயர்பெற்ற வல்லுநர்களிடம் கொடுத்தார். யாருக்கு மனநலம் நன்றாக இருக்கிறது, யார் தன்பாலீர்ப்பாளர் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. இரு குழுக்களின் மனநல மதிப்பீடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

அந்த ஆய்வு 1957ல் வெளியானது. மருத்துவ உலகம் உடனே மாறிவிடவில்லை. 1973ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990 மே 17ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனமும் அவ்வாறே செய்தது. திருநராக இருப்பதை மனநோய்களின் வரிசையிலிருந்து நீக்கிய புதிய பட்டியலை அந்நிறுவனம் 2019ல் ஏற்றது. 2022 ஜனவரி முதல் அது நடப்பில் இருக்கிறது.

நோய் இல்லையென்றால் வேதனை ஏன்?

இங்கே ஒரு புதிர் எழுந்தது. எல்ஜிபிடி அடையாளம் நோய் இல்லை. ஆனாலும், பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் எல்ஜிபிடி இளையரிடையே மனச்சோர்வும் பதற்றமும் மற்ற இளையரைவிட அதிகமாகக் காணப்பட்டன. ஏன்?

இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003ல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தெளிவான விடை தந்தது. எல்லாருக்கும் தேர்வு, பணம், நட்பு என்று அழுத்தங்கள் உண்டு. சிறுபான்மையாக ஒதுக்கப்படுபவர்களுக்கு அவற்றுக்கு மேல் இன்னோர் அடுக்கு அழுத்தமும் சேர்கிறது. அதைச் 'சிறுபான்மை மன அழுத்தம்' என்கிறார்கள். அதற்கு நான்கு வாயில்கள் உண்டு.

ஒன்று, நேரடியாக நடப்பவை: கேலி, அடி, பகடிவதை, ஒதுக்கிவைத்தல். இரண்டு, அவை எப்போது நடக்குமோ என்ற ஓயாத எச்சரிக்கை. மூன்று, தம்மை மறைத்துக்கொள்ள எடுக்கும் முயற்சி. நான்கு, ஊர் சொல்வதையே திரும்பத் திரும்பக் கேட்டு, 'நான்தான் தவறோ' என்று தாமே நம்பத் தொடங்குவது.

இந்த நான்கில் முதலாவது மட்டுமே வெளியில் தெரியும். உணவகத்தில் அரை நொடி தாமதமாகச் சிரித்தவரை யாரும் அடிக்கவில்லை, பெயர் சொல்லித் திட்டவுமில்லை. மற்ற மூன்றும் அவருக்குள் நடந்தன. "நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லையே" என்று அங்கே இருந்த எல்லாராலும் உண்மையாகவே சொல்ல முடியும். ஆனாலும், அழுத்தம் உண்டாகிவிட்டது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து வரும்போது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்பும். பிட்யூட்டரி, சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டும். அவை கார்ட்டிசோல் என்ற சுரப்பைச் சுரக்கும். இரத்தத்தில் சர்க்கரை கூடும். உடல் ஓடவோ எதிர்க்கவோ தயாராகும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

நீங்கள் வசிக்கும் புளோக்கில் தீ எச்சரிக்கை மணி ஒருமுறை ஒலித்தால் நல்லது. எல்லாரும் கீழே இறங்கித் தப்பிப்பார்கள். ஆனால், தீயே இல்லாமல் நாள்தோறும் பத்து முறை ஒலித்தால்? யாருக்கும் தூக்கம் இருக்காது. படிப்பில் கவனம் செல்லாது. உடலிலும் இதுவே நடக்கிறது. மணி ஓயாமல் ஒலிப்பதால் உடலில் சேரும் தேய்மானத்தை அளக்க இரத்த அழுத்தம், கொழுப்பு, கார்ட்டிசோல் போன்றவற்றை ஆய்வாளர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

கனடாவின் மோன்ட்ரியல் நகரில் 87 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. பாலீர்ப்பைக் குடும்பத்திடமும் நண்பர்களிடமும் சொல்லியிருந்தவர்களுக்குக் காலையில் விழித்தெழுந்தபின் சுரக்கும் கார்ட்டிசோல் அளவு, மறைத்து வைத்திருந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகளும் குறைவாக இருந்தன.

இதைப் படித்ததும், 'அப்படியானால் எல்லாரும் உடனே சொல்லிவிட வேண்டும்' என்று முடிவு செய்துவிடாதீர்கள். சொன்னபிறகு வீட்டைவிட்டு விரட்டப்படும் ஒருவருக்குக் கார்ட்டிசோல் குறையாது. கேட்பவர் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே பலன் அமையும். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அந்த ஒருவரின் முடிவு. அதை அவருக்காக வேறு யாரும் எடுக்க முடியாது.

வீட்டில் தொடங்கும் மருந்து

அந்தக் 'கேட்பவர்' பெரும்பாலும் பெற்றோர்தான். அவர்களின் எதிர்வினை பிள்ளையின் உடல்நலத்தை எவ்வளவு பாதிக்கும்? அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் கேட்லின் ரையன் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள்.

21 முதல் 25 வயதுக்குட்பட்ட 224 பேரிடம் அவர்கள் பதின்ம வயதில் வீட்டில் நடந்தவற்றைக் கேட்டார்கள். "அன்பாக இருந்தார்களா?" என்று பொதுவாகக் கேட்கவில்லை. குறிப்பிட்ட செயல்களைக் கேட்டார்கள். நண்பர்களைப் பார்க்கக்கூடாது என்று தடுத்தார்களா? குடும்ப நிகழ்ச்சிகளிலிருந்து ஒதுக்கினார்களா? "யாரிடமும் சொல்லாதே" என்றார்களா? திட்டினார்களா, அடித்தார்களா? ஒவ்வொன்றையும் எண்ணிச் சேர்த்தார்கள்.

2009ல் வெளியான முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. குடும்பத்தால் மிகுதியாக நிராகரிக்கப்பட்டவர்கள், நிராகரிப்பை அனுபவிக்காத அல்லது குறைவாகவே அனுபவித்தவர்களோடு ஒப்பிடும்போது, கடும் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு அதிகம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொல்லும் வாய்ப்பு 8 மடங்குக்கும் அதிகம்.

இந்த எண்களை ஒரு விதிபோலப் படிக்காதீர்கள். எல்ஜிபிடி இளையருள் பெரும்பாலோர் நலமாகவே வளர்கிறார்கள். ஆபத்து எங்கே குவிந்திருக்கிறது, எதைச் சரிசெய்தால் அது குறையும் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன.

அந்தக் குழுவினர் பெற்றோரிடமும் பேசினார்கள். அங்கே கிடைத்ததுதான் மிகவும் பயனுள்ள செய்தி. கடுமையாக நடந்துகொண்ட பெற்றோர் பலர் பிள்ளையை வெறுக்கவில்லை. 'உலகம் இவனைக் காயப்படுத்திவிடுமே, இவளை மாற்றிவிட்டால் காப்பாற்றிவிடலாமே' என்ற கவலையில் அப்படி நடந்துகொண்டார்கள். பாதுகாப்பதாக நினைத்துச் செய்தது பிள்ளைக்கு நிராகரிப்பாகப் போய்ச் சேர்ந்தது.

2010ல் 245 பேரிடம் நடத்திய அடுத்த ஆய்வு மறுபக்கத்தைப் பார்த்தது. குடும்பத்தின் ஆதரவு பெற்றவர்களுக்குத் தன்மதிப்பும் பொதுவான உடல்நலமும் மேலாக இருந்தன. பெற்றோர் ஒரே நாளில் தம் நம்பிக்கைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குழு கேட்பதில்லை. சமயப்பற்று மிக்க குடும்பங்களுக்காகவும் அது கையேடுகள் தயாரித்திருக்கிறது. 'கருத்து வேறுபாடு இருந்தாலும் திட்டாதீர்கள், ஒதுக்காதீர்கள், மற்றவர்கள் அவமதித்தால் பிள்ளையின் பக்கம் நில்லுங்கள்' என்பதே அதன் அறிவுரையின் சாரம்.

பள்ளியும் ஊரும்

பதின்ம வயதினர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பள்ளியில் கழிகிறது. அங்கே என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 11ஆம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 32,000 பேரின் விவரங்களை மார்க் ஹட்சன்பியூலர் என்ற ஆய்வாளர் அலசினார். தம்மைத் தன்பாலீர்ப்பாளர் அல்லது இருபாலீர்ப்பாளர் என்று குறிப்பிட்டோர் சுமார் 1,400 பேர். அவர்கள் எல்லாருடைய அடையாளமும் ஒன்றுதான். ஆனால், வாழ்ந்த வட்டாரங்கள் வேறு வேறு. சில வட்டாரங்களின் பள்ளிகளில் பகடிவதைக்கு எதிரான தெளிவான விதிகளும் ஆதரவுக் குழுக்களும் இருந்தன. சிலவற்றில் அவை இல்லை.

அடையாளமே காரணம் என்றால் எல்லா வட்டாரங்களிலும் ஆபத்து ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆதரவற்ற சூழலில் வாழ்ந்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு மாணவர்களிடையே உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சிக்கான ஆபத்து, ஆதரவான சூழலில் இருந்தவர்களைவிட 20 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2011ல் வெளியான இந்த முடிவு, ஊரும் பள்ளியும் உடல்நலக் காரணிகள் என்று காட்டியது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்திலிருந்து ஒரு வியப்பான செய்தி வந்தது. எலிசபெத் சேவிக் என்ற பேராசிரியரின் குழு, எல்ஜிபிடி மாணவர்களும் மற்ற மாணவர்களும் சேர்ந்து நடத்தும் ஆதரவு மன்றங்கள் உள்ள பள்ளிகளைப் பார்த்தது. சில ஆண்டுகளாக அத்தகைய மன்றம் இயங்கிவந்த பள்ளிகளில் எல்ஜிபிடி மாணவர்கள் மட்டும் பயனடையவில்லை. எதிர்பாலீர்ப்புள்ள மாணவர்களின் மனநலமும் மேலாக இருந்தது.

காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். 'பெண்போல நடக்கிறான்', 'ஆண்போல முடி வெட்டியிருக்கிறாள்' என்ற கேலி யாரைக் குறிவைக்கிறது? எல்ஜிபிடி மாணவர்களை மட்டுமா? பந்து விளையாடப் பிடிக்காத பையன், மெல்லிய குரல் உள்ளவன், நடனக் குழுவில் சேர்ந்தவன் எல்லாரும் அந்தக் கேலிக்கு அஞ்சுகிறார்கள். கேலி குறைந்தால் எல்லாருக்கும் மூச்சுவிட முடிகிறது.

காரணமா, தற்செயலா?

அறிவியல் பாடத்தில் உங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்லியிருப்பார்: இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ஆதரவான பள்ளிகள் வசதியான வட்டாரங்களில் இருக்கலாம். நலத்துக்குக் காரணம் அந்த வசதியாகவும் இருக்கலாம் அல்லவா?

சரியான சந்தேகம். இதைத் தீர்க்க ஆய்வாளர்கள் 'இயற்கைச் சோதனை' ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்க மாநிலங்கள் ஒரே நாளில் ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கவில்லை. சில மாநிலங்கள் முன்னதாகவும் சில பின்னதாகவும் செய்தன. ஆகவே, சட்டம் மாறிய மாநிலத்தின் 'முன்பு, பின்பு' நிலையை, அதே காலத்தில் சட்டம் மாறாத மாநிலத்தின் 'முன்பு, பின்பு' நிலையோடு ஒப்பிட முடிந்தது. வசதியும் வறுமையும் எல்லா மாநிலங்களிலும் உண்டு. வேறுபட்டது சட்டம் மாறிய நேரம்.

1999 முதல் 2015 வரை, 47 மாநிலங்களில், 7 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் விடைகளை ஜூலியா ரைஃப்மன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. சட்டம் மாறிய மாநிலங்களில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொன்ன மாணவர்களின் விகிதம் 7 விழுக்காடு குறைந்தது. பாலீர்ப்பில் சிறுபான்மையினரான மாணவர்களிடையே அது 14 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் திருமணம் செய்துகொள்ளும் வயதுகூட அந்த மாணவர்களுக்கு ஆகவில்லை. 'உனக்கும் இங்கே எதிர்காலம் உண்டு' என்ற செய்தியே அவர்களைச் சென்றடைந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

ஒரு பெயரின் எடை

சட்டம் மாற்றுவது உங்கள் கையில் இல்லை. பள்ளி விதிகளை எழுதுவதும் உங்கள் வேலை இல்லை. சரி, ஒரு மாணவரால் எதை மாற்ற முடியும்?

2018ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ஸ்டீஃபன் ரஸல் என்ற பேராசிரியரும் குழுவினரும் 15 முதல் 21 வயதுக்குட்பட்ட 129 திருநர் இளையரிடம் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள்: "நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரால் உங்களை எங்கெங்கே அழைக்கிறார்கள்?" வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்று நான்கு இடங்கள்.

இந்த நான்கில் ஓர் இடம் கூடினால்கூட மனச்சோர்வு குறைந்தது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் 29 விழுக்காடு குறைந்தது. நான்கில் ஓர் இடம் 'நண்பர்கள்' என்பதைக் கவனியுங்கள். மருந்து இல்லை, செலவு இல்லை. ஒருவரை அவர் விரும்பும் பெயரால் கூப்பிடுவது மட்டுமே.

நம் ஊரில், நம் மொழியில்

இவையெல்லாம் மேலைநாட்டு ஆய்வுகள்தானே என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பூரிலும் ஆய்வு நடந்திருக்கிறது. தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட 18 முதல் 25 வயது ஆண்கள் 570 பேரைப் பற்றி இங்குள்ள பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். வெறுப்பை நேரில் அனுபவித்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. மேயர் சொன்ன அதே வழித்தடம் இங்கும் தெரிந்தது.

ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவை நீக்கும் மசோதாவைச் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29ஆம் தேதி நிறைவேற்றியது. 2023 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. திருமணம் பற்றியும் குடும்பம் பற்றியும் சமூகத்தில் பல கருத்துகள் தொடர்கின்றன. ஆனால், ஒருவரைப் பகடிவதை செய்யலாமா என்ற கேள்வியில் இரண்டு கருத்துகளுக்கு இடமில்லை.

தமிழ் பேசும் சென்னையிலிருந்தும் ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 2021ல், ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். அதன்பிறகே, 2021 ஜூன் 7ஆம் தேதி, எல்ஜிபிடி மக்களை 'மாற்றிவிடுவதாக'ச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்து உத்தரவிட்டார். அத்தகைய 'சிகிச்சை' பாலீர்ப்பை மாற்றுவதில்லை, மனச்சோர்வைத்தான் கூட்டுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது.

அதே வழக்கின் தொடர்ச்சியாக, இம்மக்களைக் குறிப்பிட மரியாதையான தமிழ்ச் சொற்கள் அடங்கிய பட்டியலைத் தமிழக அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. சொல் எதற்கு என்று தோன்றலாம். தன்னைப் பற்றிப் பேசத் தாய்மொழியில் வசைச்சொல் மட்டுமே இருந்தால், ஒரு பிள்ளை பாட்டியிடம் எப்படிப் பேசத் தொடங்கும்?

நீங்கள் செய்யக்கூடியவை

ஒரு நண்பர் உங்களை நம்பி இதைச் சொன்னால், நீங்கள் பெரிய ஆலோசகராக மாற வேண்டியதில்லை. "என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி" என்று சொல்லி, குறுக்கிடாமல் கேளுங்கள். "இது ஒரு கட்டம், மாறிவிடும்" என்று ஆறுதல் சொல்ல வேண்டாம். அது அவருக்கு ஆறுதலாக இருக்காது.

அவர் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போதும், ஒருவரின் வீடே தலைகீழாகிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் தமக்குத் தீங்கு செய்துகொள்வார் என்று அஞ்சினால், அதை நீங்கள் தனியாகச் சுமக்கக்கூடாது. நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ உடனே சொல்லுங்கள். அப்போதும் அவர் ஆபத்தில் இருப்பதைச் சொன்னால் போதும். அவருடைய பாலீர்ப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

உணவக மேசையில் அந்தச் சொல் வீசப்படும்போது சண்டை போடத் தேவையில்லை. "விடு, அதில் என்ன வேடிக்கை?" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். சொல்லத் தயக்கமாக இருந்தால் சிரிக்காமல் இருங்கள். எல்லாரும் சிரிக்கும்போது ஒருவர் சிரிக்கவில்லை என்பதை, அரை நொடி தாமதமாகச் சிரிப்பவர் கட்டாயம் கவனிப்பார். அவர்தான் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாரே.

அந்த அரை நொடிக்காரர் நீங்களாகவே இருக்கலாம். அப்படியானால், ஹூக்கர் தொடங்கி இத்தனை ஆண்டு ஆய்வுகள் உங்களுக்குச் சொல்வது இதுதான்: உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் சுமப்பது வெளியிலிருந்து வந்த சுமை. எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, இன்றே சொல்ல வேண்டியதுமில்லை. பாதுகாப்பாகப் பேசக்கூடிய ஒரே ஒருவரைத் தேடுங்கள். ஆய்வுகள் அளந்து பார்த்த மாற்றங்கள் பலவும் அப்படி ஒருவரிடமிருந்துதான் தொடங்கின.

உதவி தேவைப்பட்டால்

சிங்கப்பூரில் மனவேதனையில் இருக்கும் எவரும் எஸ்ஓஎஸ் எனப்படும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். பள்ளி ஆலோசகரை நேரில் சந்திக்கலாம். 1999 முதல் இயங்கிவரும் ஊகாசாகா அமைப்பு எல்ஜிபிடி மக்களுக்கென ஆலோசனைச் சேவை வழங்குகிறது.

சொல் அறிவோம்

பாலீர்ப்பு: ஒருவருக்கு யார்மீது காதல் ஈர்ப்பு தோன்றுகிறது என்பது.

பாலின அடையாளம்: ஒருவர் தம்மை ஆணாக, பெண்ணாக அல்லது வேறாக உள்ளூர உணர்வது. பாலீர்ப்பும் இதுவும் ஒன்றல்ல.

திருநர்: பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து மாறுபட்ட பாலின அடையாளம் கொண்டவர். திருநங்கை, திருநம்பி இருவரும் இதில் அடங்குவர்.

சிறுபான்மை மன அழுத்தம்: ஒதுக்கப்படும் குழுவைச் சேர்ந்தவர்களுக்கு, எல்லாருக்கும் உள்ள அழுத்தங்களுக்கு மேல் கூடுதலாகச் சேரும் அழுத்தம்.

கார்ட்டிசோல்: மன அழுத்தத்தின்போது அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்.